கடல் தாண்டி வரும் பொய்க் கிளெய்ம்

இணையத்தில் ஒரு பொய்யான பதிப்புரிமைக் கோரிக்கை எந்த நாட்டிலிருந்து கிளம்பினாலும் பெரும்பாலும் ஒரே சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. அமெரிக்கா 1998 அக்டோபரில் கொண்டுவந்த டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டத்தின் 512வது பிரிவுதான் அது. கும்பகோணத்தில் படம் பிடித்த வீடியோவுக்கு ஸ்பெயினிலிருந்து புகார் வரலாம், வியட்நாமிலிருந்தும் வரலாம். வீடியோவை வைத்திருக்கும் நிறுவனம் கலிபோர்னியாவில் இருக்கிறது. புகார் வந்தவுடன் வீடியோவை எடுத்துவிட்டால் அந்த நிறுவனத்தின் மேல் நஷ்டஈட்டு வழக்கு வராது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆகவே நிறுவனம் முதலில் எடுத்துவிடும், கேள்வியைப் பிறகு கேட்டுக்கொள்ளும். சேனல்களுக்காகக் கிளெய்ம் பார்க்கும் வேலையில் இருப்பவர்கள் தினமும் சந்திப்பது இந்த வரிசையைத்தான்.

அந்தப் பிரிவின் வாசகத்திலேயே ஒரு கோணல் இருக்கிறது. புகார் கொடுப்பவர் பொய்ச் சத்தியத்துக்கான தண்டனைக்கு உட்பட்டுச் சொல்ல வேண்டியது, உரிமையாளரின் சார்பில் பேசத் தனக்கு அதிகாரம் உண்டு என்பதை மட்டும்தான். வீடியோ உரிமையை மீறியிருக்கிறது என்பதற்குச் சத்தியம் வேண்டாம், ‘நல்லெண்ண நம்பிக்கை’ போதும். மறுத்து எழுதும் படைப்பாளிக்கு அந்தச் சலுகை இல்லை. தவறுதலாகத்தான் தன் வீடியோ நீக்கப்பட்டது என்று நம்புவதையே அவர் பொய்ச் சத்தியத் தண்டனைக்கு உட்பட்டுச் சொல்லியாக வேண்டும். பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றையும் தர வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவரானால், அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குக் கட்டுப்படுவதாகவும் எழுதித் தர வேண்டும். அமெரிக்காவில் காலே வைக்காத ஒரு சமையல் சேனல்காரர் இந்த வரியைப் படித்ததும் ஃபாரத்தை மூடிவிடுகிறார். மோசடிக்காரர் நம்பியிருப்பதும் அதைத்தான்.

ஆரம்ப காலத்தில் இந்தப் புகார்கள் பெரும்பாலும் மின்னஞ்சலாக வந்தன. 2005ல் தொடங்கிய யூடியூபை அடுத்த ஆண்டே கூகுள் வாங்கியது. 2007ல் வயாகாம் நிறுவனம் 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. அதே ஆண்டில் வந்ததுதான் கன்டென்ட் ஐடி. உரிமையாளர் தன் ஒலியையும் படத்தையும் கொடுத்து வைத்தால், புதிதாக ஏறும் ஒவ்வொரு வீடியோவையும் இயந்திரம் அதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் வீடியோவைத் தடுக்கலாம், அல்லது அதன் விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம். பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் வருமானத்தையே தேர்ந்தெடுத்தன. பதிப்புரிமைச் சண்டை பணப்பட்டுவாடாவாக மாறியது அங்கேதான்.

அந்த நாட்களில் விதி இன்னும் மோசமாக இருந்தது. படைப்பாளி மறுத்து டிஸ்பியூட் போட்டாலும், தகராறு நடக்கிற காலம் முழுவதும் வருமானம் கிளெய்ம் போட்டவருக்கே போய்க்கொண்டிருந்தது. ஒரு வீடியோ பணம் ஈட்டுவது பெரும்பாலும் முதல் சில நாட்களில். கிளெய்ம் போட்டவர் ஒரு மாதம் இழுத்தடித்து, பிறகு தவறுதலாக நடந்துவிட்டது என்று விட்டுக்கொடுத்தாலும் அவருக்கு லாபம்தான். 2016ல் யூடியூப் இதை மாற்றுவதாக அறிவித்தது. தகராறு முடியும் வரை பணம் தனியே நிறுத்திவைக்கப்பட்டு, வெல்பவரிடம் சேரும். கிளெய்ம் வந்து ஐந்து நாளுக்குள் டிஸ்பியூட் போட்டால் முதல் நாள் வருமானத்திலிருந்தே நிறுத்திவைப்பார்கள். பிந்தினால், டிஸ்பியூட் போட்ட நாளிலிருந்துதான். படைப்பாளிகளுக்கு இதுவரை கிடைத்த பாதுகாப்புகளில் உண்மையில் பயன் தந்தது இது ஒன்று. ஆனாலும் ஐந்து நாள் கணக்கு தெரியாமல் பணத்தை விட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கன்டென்ட் ஐடி எல்லோருக்கும் திறந்த கதவல்ல. சில ஆயிரம் நிறுவனங்களுக்கு மட்டுமே அது தரப்பட்டிருக்கிறது. பொய் அதற்குள் நுழைவது டிஸ்ட்ரிபியூட்டர்கள் வழியாக. தனிக் கலைஞர்களின் பாட்டுகளை மொத்தமாக வாங்கி எல்லாத் தளங்களிலும் ஏற்றும் நிறுவனங்கள் இவை. யாரோ ஒருவர் இலவச இசைத் துணுக்கு (லூப்) ஒன்றை எடுத்து, மேலே ஒரு டிரம் அடித்து, தன் பாட்டு என்று பதிந்துவிடுகிறார். அதன் பிறகு அந்த லூப்பை முறையாகப் பயன்படுத்திய அத்தனை பேருக்கும் கிளெய்ம் போகிறது. இதில் எல்லோரையும் மோசடிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. தன்னுடையது எது, இரவல் எது என்று தெரியாத பையன்களும் உண்டு. பாதிக்கப்படுகிறவருக்கு அந்த வித்தியாசம் ஒரு ஆறுதலும் தராது.

இயந்திரத்தின் காது எப்படிப்பட்டது என்பதற்குச் சில நிகழ்ச்சிகள் போதும். 2012ல் ஒருவர் காட்டில் நடந்தபடி எடுத்த வீடியோவில் கேட்ட பறவைச் சத்தத்துக்கு ஓர் இசை உரிம நிறுவனத்தின் பெயரில் கிளெய்ம் வந்தது. 2018 தொடக்கத்தில் செபாஸ்டியன் டாம்சாக் என்ற ஆஸ்திரேலிய இசைத் தொழில்நுட்பவியலாளர், தான் உருவாக்கிய பத்து மணி நேர வெண்ணிரைச்சல் வீடியோவுக்கு ஐந்து கிளெய்ம் வந்திருப்பதை வெளியிட்டார். வானொலியில் நிலையம் கிடைக்காதபோது கேட்கும் இரைச்சல், அவ்வளவுதான். அதே ஆண்டு பியானோ கலைஞர் ஜேம்ஸ் ரோட்ஸ் தன் வீட்டில் பாக்கின் இசையை வாசித்துப் பேஸ்புக்கில் போட்டார். அதில் 47 வினாடி தங்களுடையது என்று சோனி மியூசிக் பெயரில் கிளெய்ம். பாக் இறந்தது 1750ல். மியூனிக் இசைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் உல்ரிச் கைசர் மாணவர்களுக்காகப் பழைய இசைப்பதிவுகளை ஏற்றினார். 1963க்கு முன் வெளிவந்தவை என்பதால் ஜெர்மன் சட்டப்படி அவை பொதுவுடைமை. கிளெய்ம்கள் வந்து குவிந்தன. சோதித்துப் பார்க்கவே இன்னொரு கணக்கு தொடங்கினார், அங்கும் அதே கதை.

கர்நாடக இசைக்காரர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. தியாகராஜர் மறைந்தது 1847ல். அவர் கிருதிகளுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஒரு நிறுவனம் வெளியிட்ட பதிவுக்கு மட்டுமே அந்த நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஆனால் கன்டென்ட் ஐடி மெட்டையும் பொருத்திப் பார்க்கிறது. ஒரே ராகம், ஒரே கிருதி, வழிவழியாக வந்த ஒரே சங்கதிகள். திருவையாறு ஆராதனையில் கூடி அமர்ந்து பாடும் பஞ்சரத்தினம் எந்தப் பதிவோடு வேண்டுமானாலும் பொருந்தும். கிளெய்மில் தெரியும் பெயரோ ஏதோ ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனத்தினுடையதாக இருக்கும். பதறுவதற்கு முன் ‘யார் சார்பில்’ என்ற வரியைப் பார்ப்பது நல்லது. சென்னையில் இருக்கும் கேசட் நிறுவனம் தன் பழைய பட்டியலை வெளிநாட்டு டிஸ்ட்ரிபியூட்டரிடம் கொடுத்திருக்கலாம். அப்படியானால் பாதித் தகராறு உள்ளூர்த் தொலைபேசி அழைப்பிலேயே முடியும்.

பாரதி பாடல்களிலும் இதே குழப்பம் உண்டு. 1949ல் சென்னை மாகாண அரசு பாரதியின் எழுத்துரிமையை வாங்கி, பிறகு பொதுமக்களுக்கே ஆக்கியது. வரிகள் எல்லோருக்கும் சொந்தம். ஒரு இசையமைப்பாளர் போட்ட மெட்டும் அந்தப் பதிவும் அப்படியல்ல. தானே மெட்டமைத்து தானே பாடிய பள்ளி ஆசிரியைக்குக் கிளெய்ம் வந்தால் அது பொய். சினிமாவில் வந்த மெட்டிலேயே பாடியவருக்கு வந்தால் அதை அப்படித் தள்ளிவிட முடியாது.

உண்மையான கிளெய்மைப் பொய் என்று எண்ணிச் சண்டைக்குப் போவதும் நடக்கிறது. இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுதான் ஆயுள். 1950களில் வந்த இசைத்தட்டின் ஒலிப்பதிவு உரிமை இங்கே முடிந்துவிட்டது. அமெரிக்கச் சட்டத்தில் அதே தட்டுக்கு இன்னும் பல்லாண்டு ஆயுள் இருக்கலாம். பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமை வேறு. அது அவர்கள் மறைந்த பிறகும் 60 ஆண்டு ஓடும். ஆகவே பழைய தட்டுகளை ஏற்றுகிறவருக்கு அமெரிக்காவில் மட்டும் தடை என்று ஓர் அறிவிப்பு வந்தால், அதை மோசடி என்று கூச்சலிடுவதில் பயனில்லை. எந்த நாட்டில், எந்த உரிமையின் பேரில் என்று பிரித்துப் படிக்கத் தெரிந்துகொள்வதிலேயே இந்த வேலையின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது.

கன்டென்ட் ஐடியை வைத்தே பெரும் கொள்ளை நடந்தது அமெரிக்காவிலேயே. இருவர் மீடியாமுவ் என்ற நிறுவனத்தின் பெயரில் 50,000க்கும் மேற்பட்ட பாடல்கள் தங்களுடையவை என்று சொல்லிக்கொண்டார்கள். பெரும்பாலும் லத்தீன் அமெரிக்க இசை. உரிமையாளர்கள் பலர் வேறு நாட்டில் இருந்த சிறு கலைஞர்கள். வருமானம் எங்கே போகிறது என்று பார்க்கவும் ஆள் இல்லை. 2017 முதல் சில ஆண்டுகளில் 2 கோடி டாலருக்கு மேல் அவர்கள் கைக்குப் போனது. 2021 நவம்பரில் குற்றப்பத்திரிகை, 2023ல் அவர்களில் ஒருவருக்கு 70 மாதச் சிறை. தங்கள் சொந்தப் பாட்டுக்கே கிளெய்ம் வந்தபோது சில கலைஞர்கள் டிஸ்பியூட் போட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டிஸ்பியூட் போனது நேராக மோசடிக்காரர்களிடம். கன்டென்ட் ஐடியில் முதல் சுற்றுக்கு நீதிபதி புகார் கொடுத்தவரேதான்.

இதுவரை சொன்னது பணத்தைத் திருப்பிவிடும் கிளெய்ம். ஸ்ட்ரைக் வேறு ஜாதி. எவரும் பொதுவான இணையப் படிவத்தில் பெயரெழுதி வீடியோவை நீக்கக் கேட்கலாம். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் சேனலே போகும். விளம்பர வருமானத் திட்டத்தில் இருக்கும் சேனலுக்கு மட்டும் ஏழு நாள் அவகாசம் உண்டு. இந்த எண்ணிக்கையையே ஆயுதமாக்கி 2019 தொடக்கத்தில் மைன்கிராஃப்ட் விளையாட்டு வீடியோ போடுபவர்களிடம் ஒருவர் பணம் கேட்டார். இரண்டு ஸ்ட்ரைக் போட்டாகிவிட்டது, பணம் அனுப்பாவிட்டால் மூன்றாவதும் வரும் என்று மிரட்டல். அவர் நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரத்துக்காரர் என்று கண்டுபிடித்து யூடியூபே வழக்குப் போட்டது. அக்டோபரில் 25,000 டாலரும் பகிரங்க மன்னிப்பும் தந்து அவர் சமரசமானார். மறுப்பு நோட்டீஸில் (கவுன்டர் நோட்டீஸ்) வந்த வீட்டு முகவரியை அவர் தவறாகப் பயன்படுத்தினார் என்பதும் யூடியூபின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. ஆகவே கவுன்டர் நோட்டீஸில் படைப்பாளியின் வீட்டு முகவரியைக் கொடுக்காமல் இருப்பது நல்லது. வக்கீல் மூலம் அனுப்ப விதி இடம் தருகிறது. அவர் அலுவலக முகவரி போதும்.

ஆள்மாறாட்டம் அடுத்த கட்டம். 2022 மார்ச்சில் டெஸ்டினி 2 விளையாட்டைப் பற்றி வீடியோ போட்டவர்களுக்கு வரிசையாக ஸ்ட்ரைக். விளையாட்டை உருவாக்கிய பங்ஜி நிறுவனத்தின் சொந்த வீடியோக்களும் நீக்கப்பட்டன. அந்த நிறுவனத்துக்காக உரிமை காக்கும் ஏஜென்சியின் பெயரைப்போலவே ஒரு ஜிமெயில் முகவரி உருவாக்கி, ஓர் இளைஞர் 96 நோட்டீஸ் அனுப்பியிருந்தார். பங்ஜியிடம் நல்ல வக்கீல்கள் இருந்ததால் வழக்கு தீர்ப்பு வரை போனது. மதுரையில் ஒரு விளையாட்டுச் சேனல் நடத்துபவருக்கு அந்த வசதி கிடையாது. ஆனால் நோட்டீஸ் அனுப்பியவரின் மின்னஞ்சல் முகவரியைப் பார்ப்பது அவராலும் முடியும். பெரிய நிறுவனத்தின் பெயரில் இலவச மின்னஞ்சலிலிருந்து கோரிக்கை வந்தால் சந்தேகிக்கலாம்.

பணமே நோக்கமில்லாத பொய்களும் உண்டு. 2013 வாக்கில் ஈக்வடார் அதிபரை விமர்சித்த ஆவணப்படம் யூடியூபிலிருந்து நீக்கப்பட்டது. நோட்டீஸ் அனுப்பியது அந்நாட்டு அதிகாரிகளின் சார்பில் செயல்பட்ட ஒரு ஸ்பானிய நிறுவனம். எலிமினாலியா என்ற இன்னொரு ஸ்பானிய நிறுவனத்தின் உள் ஆவணங்கள் 2023 பிப்ரவரியில் பத்திரிகையாளர் கூட்டணி ஒன்றால் வெளியாயின. வாடிக்கையாளருக்குச் சங்கடம் தரும் செய்தியைத் தேடலில் வராமல் செய்வது அதன் தொழில். வழி எளிது. செய்தியை அப்படியே எடுத்து ஒரு போலித் தளத்தில் போட்டு, பழைய தேதி இட வேண்டும். பிறகு, எங்கள் கட்டுரையை இவர்கள் திருடிவிட்டார்கள் என்று கூகுளிடம் புகார் கொடுக்க வேண்டும். அசலை எழுதிய நிருபர் திருடராகிவிடுவார். ஹார்வர்டில் இயங்கும் லூமன் என்ற நோட்டீஸ் ஆவணக் களஞ்சியத்தில் தேடிய ஆய்வாளர் ஒருவர் இந்த வகை நோட்டீஸ்கள் ஏறக்குறைய 34,000 இருப்பதைக் கண்டார். 2023 நவம்பரில் வியட்நாமில் இருப்பதாகச் சொல்லப்பட்ட இருவர் மேல் கூகுள் வழக்குப் போட்டது. குறைந்தது 65 கணக்குகளைத் திறந்து, 1,17,000க்கு மேற்பட்ட இணையப் பக்கங்களை நீக்கச் சொல்லியிருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. போட்டி வியாபாரிகளைத் தேடலிலிருந்து மறைப்பதுதான் நோக்கம்.

இத்தனைக்கும் எதிரே படைப்பாளியின் கையில் இருப்பது மூன்று படி. முதலில் டிஸ்பியூட், கிளெய்ம் போட்டவருக்குப் பதில் சொல்ல 30 நாள். அவர் மறுத்தால் அப்பீல். இதற்கும் முன்பு 30 நாள் இருந்தது, 2022ல் ஏழு நாளாகக் குறைத்தார்கள். வீடியோ முழுதும் தடுக்கப்பட்டிருந்தால் டிஸ்பியூட்டைத் தாண்டி நேராக அப்பீலுக்கே போகவும் அப்போதுதான் வழி வந்தது. அப்பீலையும் ஏற்காதவர் முறையான நீக்கக் கோரிக்கை தர வேண்டும். அப்போது ஸ்ட்ரைக் விழும், கவுன்டர் நோட்டீஸ் அனுப்பலாம். அது போய்ச் சேர்ந்த பிறகு அமெரிக்க வேலைநாள் பத்துக்குள் வழக்குத் தொடுத்த சான்றை அவர் காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வரும்.

அனுபவம் காட்டுவது, மோசடிக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தக் கடைசிப் படியில் காணாமல் போய்விடுகிறார்கள். வழக்குப் போட அமெரிக்க நீதிமன்றக் கட்டணம், வக்கீல், உண்மைப் பெயர் மூன்றும் வேண்டும். ஆனால் அந்தப் படி வரை வருகிற படைப்பாளிகளே குறைவு. 2021 முதல் பாதியில் கன்டென்ட் ஐடி கிளெய்ம்கள் 72.2 கோடி என்று யூடியூபின் அறிக்கை சொன்னது. டிஸ்பியூட் போட்டது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. போட்டவர்களில் 60 சதவீதம் பேர் வென்றார்கள். மீதி 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட கிளெய்ம்களை யாரும் எதிர்க்கவில்லை. ஸ்ட்ரைக் பயத்தில் வாய் திறக்காதவர்களும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறார்கள்.

டிஸ்பியூட்டில் என்ன எழுதுகிறார்கள் என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது. ‘நான் கஷ்டப்பட்டு எடுத்த வீடியோ’ என்ற வரி எந்த அலுவலகத்திலும் எடுபடாது. எத்தனையாவது வினாடியில் என்ன ஒலிக்கிறது, அது எங்கிருந்து வந்தது, எந்த உரிமத்தில், எந்தத் தேதியில் என்று நாலு வரி போதும். 2019 ஜூலைக்குப் பிறகு, கையால் போடும் கிளெய்மில் நேரக்குறிப்பு கட்டாயம். அந்த நேரத்தில் பாட்டே இல்லை என்றால் அதையே எழுதலாம். இசை எடுத்த தளத்தின் உரிமப் பக்கத்தை அன்றே பிடிஎஃப் ஆக்கி வைத்தவர், எடிட்டிங் புராஜெக்ட் கோப்பை அழிக்காதவர், பாடிய கலைஞரிடம் ஒரு கையெழுத்துத் தாள் வாங்கியவர், இவர்களின் தகராறு சீக்கிரம் தீர்கிறது. கிளெய்ம் வந்த பிறகு இவற்றைத் தேடினால் இசைத் தளமே மூடியிருக்கும்.

வென்ற பிறகு பொய் சொன்னவரைத் தண்டிக்க முடியுமா என்றால், ஏட்டில் முடியும். 512வது பிரிவே தெரிந்து பொய் சொன்னவரிடம் நஷ்டஈடு கேட்க வழி தருகிறது. 2004ல் டைபோல்ட் என்ற வாக்கு இயந்திர நிறுவனம் 1,25,000 டாலர் கொடுக்க நேர்ந்தது. ஒரு குழந்தை ஆடிய 29 வினாடி வீடியோ தொடர்பாக 2007ல் தொடங்கிய வழக்கில், நீக்கக் கேட்கும் முன் நியாயமான பயன்பாடா என்று யோசித்தாக வேண்டும் என்ற மேல்முறையீட்டுத் தீர்ப்பு வர 2015 ஆயிற்று. அதே ஆண்டு, லண்டன் மாணவர் ஒருவரின் கட்டுரையை நீக்க வைத்த பிரிட்டன் ஆளுக்கு எதிராகக் கலிபோர்னிய நீதிமன்றம் சுமார் 25,000 டாலர் விதித்தது. அவர் கோர்ட்டுக்கு வரவே இல்லை. தீர்ப்பு கையில் இருந்தாலும் கடல் கடந்து வசூலிப்பது வேறு வேலை. 2022ல் தொடங்கிய அமெரிக்கப் பதிப்புரிமைக் கோரிக்கை வாரியம் செலவு குறைந்த இடம். பொய் நோட்டீஸ் பற்றிய புகாரை அது எடுத்துக்கொள்ளும். ஆனால் எதிராளி அமெரிக்காவுக்கு வெளியே வசிப்பவரானால் எடுத்துக்கொள்ளாது.

இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் நிதானமானது. புகார் வந்தால் 36 மணி நேரத்துக்குள் தளம் உள்ளடக்கத்தை நிறுத்த வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் படைப்பாளி எதுவும் எழுதித் தராமலே தளம் அதைத் திரும்பப் போடலாம். நடைமுறையில் பெரிய தளங்கள் அமெரிக்க வழியிலேயே நடக்கின்றன. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60வது பிரிவு, ஆதாரமில்லாத மிரட்டலுக்கு எதிராகப் படைப்பாளியே வழக்குத் தொடுக்க இடம் தருகிறது. மிரட்டியவருக்கு இந்தியாவில் அலுவலகமோ வியாபாரமோ இருந்தால் இது கூர்மையான கருவி. வக்கீல் நோட்டீஸ் ஒன்றிலேயே கிளெய்ம் விலகிவிடுவதும் உண்டு.

ஸ்ட்ரைக் வந்துவிட்டது என்று பயமுறுத்தி, இணைப்பைத் திறக்கச் சொல்லி வரும் மின்னஞ்சல்கள் தனி ரகம். திறந்தால் கணக்கே திருடுபோகும். யூடியூப் ஸ்டூடியோவுக்குள் போய்ப் பார்த்து, அங்கே ஒன்றும் இல்லையென்றால் அந்த மின்னஞ்சலை அழித்துவிடலாம். உண்மையான நோட்டீஸாக இருந்து அது பொய்யென்றும் தெரிந்தால், டிஸ்பியூட் போட்ட கையோடு ஒரு நகலை லூமனுக்கு அனுப்புங்கள். கட்டணம் இல்லை. அதே பெயரில் நாளைக்கு நோட்டீஸ் வாங்கப்போகும் இன்னொரு படைப்பாளி தேடுவது அங்கேதான்.